பின்னுக்குத் தள்ளிய சீட்

என் அத்தான் ரெக்கவரி வண்டி ஓட்ட வந்தது நாற்பத்தாறாவது வயதில். அதற்கு முன் பத்தொன்பது வருடம் பள்ளிக்கூட பஸ் ஓட்டினார். அந்தப் பள்ளியை இன்னொரு பெரிய பள்ளியோடு சேர்த்துவிட்டார்கள். பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டார்கள், பஸ்ஸைச் சேர்த்துக்கொண்டார்கள், ஓட்டியவரை மட்டும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஐந்து மாதம் வீட்டில் இருந்தார். சும்மா இருக்கத் தெரியாத மனிதர் சும்மா இருந்தால் வீடு என்ன பாடுபடும் என்பதை என் அக்காவைக் கேட்க வேண்டும். சமையலறை டப்பாக்களை உயர வரிசைப்படி அடுக்கினார். கதவுக் கீல்களுக்கெல்லாம் எண்ணெய் விட்டார். ஒருநாள் அக்கா எனக்குப் போன் செய்து, "இவர எங்கயாவது கூட்டிட்டுப் போயிடு, இல்லன்னா நான் எங்கயாவது போயிடுறேன்" என்றாள்.

நான் வேலை பார்த்தது ஒரு ரெக்கவரி யார்டில். வழியில் நின்றுபோன வண்டி, மோதிய வண்டி, பள்ளத்தில் இறங்கிய வண்டி எல்லாவற்றையும் இழுத்து வந்து நிறுத்தும் இடம். தகரக் கூரைக்குக் கீழே ஒரு மேசை, இரண்டு போன், ஒரு நீளமான பதிவேடு. அந்த மேசைக்கு நான்தான் ராணி. போன் வந்தால் எந்த வண்டி போக வேண்டும் என்று சொல்வதும், யார் போனார், எப்போது திரும்பினார் என்று எழுதுவதும் என் வேலை. முதலாளியிடம் அத்தானுக்காக வாய்விட்டுக் கேட்டேன். "ஆள் எப்படி?" என்றார். "பத்தொன்பது வருஷத்துல ஒரு கண்ணாடிகூட உடைச்சதில்ல சார்" என்றேன். அது உண்மைதான்.

அத்தான் பனைமர உயரம். யார்டுக்கு வந்த முதல் நாளே நெட்டை என்று பெயர் விழுந்துவிட்டது. எந்த வண்டியில் ஏறினாலும் முதலில் சீட்டைத் தன் காலுக்குத் தகுந்தபடி தள்ளுவார், பிறகு கண்ணாடிகளைத் திருப்புவார், அதற்கப்புறம்தான் சாவியைத் தொடுவார். பத்தடி நகர்த்த வேண்டிய வண்டியாக இருந்தாலும் இதே கதைதான். மற்ற ஓட்டுநர்கள் சிரிப்பார்கள். "கல்யாணத்துக்கா கெளம்புறீங்க நெட்டையண்ணே?" என்பான் மொட்டை. மொட்டைதான் அவருக்கு ஜோடியாகப் போட்டிருந்த ஓட்டுநர். அத்தான் கண்ணாடியைத் திருப்புவதை நிறுத்த மாட்டார். அந்தப் பழக்கம்தான் தன் வண்டியில் ஏறிய பிள்ளைகளையெல்லாம் முழுசாக வீட்டில் சேர்த்தது என்பது அவர் நம்பிக்கை.

வேலை அவருக்குப் பிடித்துப்போனது. பிடிக்காதது ஒன்றே ஒன்று, அந்தக் கிரீஸ். வண்டிகளை இழுக்கும் இரும்புக் கயிறு துருப்பிடிக்காமல் இருக்க அதில் ஒரு கறுப்புக் கிரீஸ் பூசியிருக்கும். தார் மாதிரி கெட்டியாக இருக்கும், மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தாலும் போகாது. முதல் வாரத்திலேயே இரண்டு சட்டை பாழானது. "வேலை வாங்கிக் கொடுத்தவளே துவைச்சும் கொடுக்கட்டும்" என்று அக்கா எனக்குச் சொல்லி அனுப்பினாள்.

ஆறாவது நாள் காலையிலிருந்தே நல்ல மழை. பத்து மணிக்குக் காவல் நிலையத்திலிருந்து போன். வளைவில் ஒரு கார் வாய்க்காலுக்குள் போய்விட்டது, பாதி வண்டி சாலையில் கிடக்கிறது, போக்குவரத்து நின்றுவிட்டது, உடனே வண்டி வேண்டும் என்றார்கள். மூன்று வண்டிகள் வெளியே போயிருந்தன. மொட்டை ஊரின் மறுகோடியில் ஒரு லாரியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். யார்டில் இருந்தது ஒரு வண்டி, அத்தான் ஒருவர். புதிய ஆளை மூன்று மாதத்துக்குத் தனியாக அனுப்பக் கூடாது என்பது முதலாளியின் கண்டிப்பான விதி. இரண்டாவது தடவையும் போன் அடித்தது. இந்த முறை பேசியவர் கத்தினார்.

நான் அத்தானை அனுப்பினேன். "ஏத்திட்டு வந்துடுங்க அத்தான். உங்களுக்குத் தெரியாத வேலையா" என்றேன். பதிவேட்டில் அவர் பேரோடு மொட்டையின் பேரையும் சேர்த்து எழுதினேன். யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவில்லை, நானாகத்தான் எழுதினேன். ஒரு நிமிட வேலை.

நான் அவருக்குச் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. ஆளுக்கு அடிபட்ட வண்டி என்றால் அது போலீஸ் கேஸ் வண்டி. அதற்குள் கை வைக்கக் கூடாது. கியரை விடுவிக்கக்கூட உள்ளே உட்காரக் கூடாது, சக்கரங்களுக்கு அடியில் உருளைப் பலகை வைத்து அப்படியே தூக்கி ஏற்ற வேண்டும். இதைப் புதியவர்களுக்கு இரண்டாவது வாரத்தில்தான் சொல்லித்தருவோம். போனில் பேசியவர் யாருக்காவது அடிபட்டதாகச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அத்தான் போய்ச் சேர்ந்தபோது ஆம்புலன்ஸ் போயிருந்தது. அந்தப் பக்கம் வந்த ஜனங்கள் கவிழ்ந்த காரை நிமிர்த்தி, உள்ளே இருந்த இரண்டு பேரை வெளியே எடுத்துப் போட்டிருந்தார்கள். காவலர் மழையில் நனைந்தபடி வெளியிலிருந்து இரண்டு படம் எடுத்தார், அவற்றில் கண்ணாடி முழுக்க நீர்தான் தெரிந்தது. "சீக்கிரம் எடுப்பா" என்றார். அத்தான் கயிற்றைப் பிடித்து இழுத்துக் கொக்கியை மாட்டினார். கையுறை நனைந்து வழுக்கியதால் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டார். கார் கியரில் இருந்தது, ஸ்டியரிங் திரும்பிக் கிடந்தது. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தார். உட்கார முடியவில்லை, சீட் அவ்வளவு முன்னால் இருந்தது, முதுகுக்கு ஒரு மெத்தை வேறு. மெத்தையை எடுத்துப் பின் சீட்டில் போட்டார். சீட்டுக்கு அடியில் கை விட்டு, கம்பியைத் தூக்கி, கடைசிப் பல் வரைக்கும் பின்னுக்குத் தள்ளினார். பத்தொன்பது வருடப் பழக்கம். பிறகு உட்கார்ந்து, கியரை விடுவித்து, ஸ்டியரிங்கை நேராக்கி, காரை அழகாக மேலே கொண்டுவந்தார். ஒரு கீறல் கூடுதலாக விழவில்லை. யார்டுக்கு வந்து அதை என்னிடம் பெருமையாகச் சொன்னார். சீட்டைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. மூச்சு விட்டதையெல்லாம் ஒருத்தர் சொல்லிக்கொண்டிருப்பாரா?

அந்தக் காரில் வந்தவர்கள் ஒரு தாயும் மகளும். தாய் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே இறந்துவிட்டாள். மகளுக்குப் பத்தொன்பது வயது, நான்கு நாள் நினைவில்லாமல் கிடந்து பிழைத்தாள். அந்தக் காலைப்பொழுது மட்டும் அவளிடம் திரும்பி வரவே இல்லை. வீட்டில் குடை தேடியது ஞாபகம் இருந்தது, அதற்கடுத்து ஆஸ்பத்திரிக் கூரைதான் ஞாபகம். இருவருமே கார் ஓட்டுவார்கள். மகள் இன்னும் கற்றுக்கொண்டிருந்தவள், லைசென்ஸ் வரவில்லை. வண்டி உருண்டதில் இருவரும் ஒரே பக்கமாகக் குவிந்து கிடந்ததால் யார் எங்கே உட்கார்ந்திருந்தார் என்று தூக்கியவர்களுக்கும் சொல்லத் தெரியவில்லை.

மூன்றாம் நாள் விசாரணை அதிகாரி யார்டுக்கு வந்தார். டேப்பை நீட்டிச் சீட்டை அளந்தார். தாய் குட்டையானவள், மகள் வளர்த்தி. இந்தச் சீட்டில் தாயின் கால் கிளட்ச்சைத் தொடவே தொடாது என்று எழுதிக்கொண்டு போனார். ஓட்டியது மகள் என்று முடிவாகிவிட்டது.

இருபதாம் நாள் அந்தப் பெண்ணும் அவள் அப்பாவும் சாமான்களை எடுத்துப்போக வந்தார்கள். அப்பா தையல்காரர், சட்டைக் காலரில் ஒரு ஊசி குத்தியிருந்தது. அவள் கட்டுப்போட்ட கையோடு இரண்டடி தள்ளியே நின்றாள். நான் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்துக் கையெழுத்துக் கேட்டேன். தண்ணீர் பாட்டில், கண்ணாடிக் கூடு, குடை, ஒரு ஜோடிச் செருப்பு, மெத்தை.

"இந்தச் செருப்பு யாரோடதுன்னு அவளைக் கேளுங்க" என்றார் அந்த அப்பா என்னிடம். அவள் பக்கத்திலேயே நின்றிருந்தாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அம்மாவோடதுன்னு சொல்லுங்க" என்றாள் அவளும் என்னைப் பார்த்து. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளாக ஒரே வீட்டில் இரண்டு பேரும் இப்படி நேராகப் பேசிக்கொள்ளாமல்தான் இருந்திருக்கிறார்கள் என்பது புரிய எனக்கு அதிக நேரம் ஆகவில்லை.

பிறகு அவள், "நான் ஒரு தடவை காருல உக்காந்து பாக்கலாமா? ஏதாவது ஞாபகம் வருதான்னு" என்று கேட்டாள். கூடாதுதான். ஆனால் அந்த முகத்தைப் பார்த்து முடியாது என்று சொல்ல என்னால் ஆகவில்லை. அத்தானைக் கூப்பிட்டுக் கூடப் போகச் சொன்னேன். நானும் பின்னாலேயே போனேன்.

அவள் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தாள். கிளட்ச்சைத் தொடக் காலை நீட்டினாள். எட்டியது, ஆனால் இடுப்பை நகர்த்தி, நுனிக்காலை நீட்டினால்தான் எட்டியது. ஸ்டியரிங்கைப் பிடித்துக் கண்ணை மூடிப் பார்த்தாள். "ஒண்ணும் வரலை" என்றாள். "ஆனா சீட் இப்படித்தான் இருந்துச்சாம். போலீஸ்ல சொன்னாங்க. அப்போ நான்தான் அம்மாவ..." இறங்கி அப்பாவுக்குப் பின்னால் நடந்து போனாள்.

அத்தான் காரின் கதவைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார்.

"சின்னவளே" என்றார். அக்காவின் தங்கை என்பதால் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். "சீட்டை நான்தான் தள்ளினேன்."

"எந்தச் சீட்டை?"

"இதத்தான். உக்காரும்போது முட்டி இடிச்சுது. மெத்தையும் இங்கதான் இருந்துச்சு. அந்தம்மாதான் ஓட்டியிருக்காங்க. இந்தப் பொண்ணு இல்ல."

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அந்தப் பெண்ணுக்காகப் பயந்தேன் என்று சொல்ல ஆசைதான். பொய் சொல்லக் கூடாது. பதிவேட்டில் நான் எழுதிய மொட்டையின் பேர்தான் கண்ணுக்குள் வந்து நின்றது. அத்தான் வாயைத் திறந்தால், ஏன் உள்ளே உட்கார்ந்தாய் என்று கேட்பார்கள். சொல்லித்தரவில்லை என்பார். கூட வந்தவன் சொல்லவில்லையா என்பார்கள். கூட யாரும் வரவில்லை என்பார். அந்த மனிதருக்கு அதற்கு மேல் ஜோடிக்கத் தெரியாது.

"அத்தான், கொஞ்ச நாள் வாய மூடிட்டு இருங்க" என்றேன். "செத்தவங்க திரும்பி வரப் போறதில்ல. அந்தப் பொண்ண ஜெயில்லயும் போட மாட்டாங்க, சின்னப் பொண்ணு. உங்களுக்கு வேலை போகும், எனக்கும் போகும். அக்காவ நெனச்சுப் பாருங்க."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்து மனதை ஆற்றிக்கொண்டிருப்பேன். "நேத்து வரைக்கும் என் பஸ்ல வந்த பிள்ளை மாதிரிதான் அது" என்றார். "அம்மாவ நான்தான் கொன்னேன்னு நெனச்சுக்கிட்டே சோறு திங்குது. நான் தள்ளின சீட்டால."

அன்று சாயங்காலம் முழுக்க நான் அவரோடு பேசவில்லை. வீட்டுக்குப் போன பிறகு அக்காவுக்குப் போன் செய்து, உன் புருஷனுக்குப் புத்தி சொல் என்றேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள், "நீ ஏண்டி இல்லாத பேரை எழுதின?" என்று மட்டும் கேட்டாள். நான் போனை வைத்துவிட்டேன்.

மறுநாள் எட்டரைக்கு அத்தான் முதலாளி அறைக் கதவைத் தட்டினார். வெளுத்த சட்டை போட்டிருந்தார், தலையைப் படிய வாரியிருந்தார். நான் என் மேசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் முதலாளி வெளியே வந்து, பதிவேட்டை என் முன்னால் பிரித்து, அந்தத் தேதியில் விரலை வைத்தார். "தப்பு சார்" என்றேன். பதிவேட்டை மூடி எடுத்துக்கொண்டு போனார். அன்றிலிருந்து எழுதும் வேலை என்னிடம் இல்லை, போன் எடுப்பது மட்டும்தான். அத்தானைச் சாலையிலிருந்து இறக்கி யார்டு கழுவப் போட்டார்கள். வேலை இருக்குமா போகுமா என்பதை விசாரணை முடிந்த பிறகு சொல்வதாக முதலாளி சொன்னார்.

அன்று மதியம் மறுபடி யார்டுக்கு வந்த விசாரணை அதிகாரி லேசில் மசியவில்லை. "இருபது நாள் கழிச்சு வந்து சீட்டை நான்தான் தள்ளினேன்னா, உங்க வாய் வார்த்தைய நம்பி நான் ரிப்போர்ட்ட மாத்தணுமா?" என்றார். "அந்தப் பொண்ணு மேல இரக்கப்பட்டுச் சொல்றீங்களோ என்னவோ." நியாயமான கேள்விதான். அத்தானிடம் அவருடைய வார்த்தையைத் தவிர வேறு என்ன இருக்கிறது?

எனக்குப் பொறுக்கவில்லை. போகிற மானம் ஏற்கெனவே போய்விட்டது, இனிமேல் பயந்து என்ன. "சார், சீட்டுக்கு அடியில அந்தக் கம்பியப் பாத்தீங்களா?" என்றேன். "அளந்தீங்க. கம்பியப் பாக்கல. அன்னிக்கு இவர் கையுறை போடல. இவர் கையிலருந்து அந்தக் கிரீஸ் போறதுக்குள்ள எங்கக்காவுக்குப் பாதி உசுரு போயிடும்."

அதிகாரி என்னை ஒரு மாதிரி பார்த்தார். டார்ச்சை எடுத்துக்கொண்டு காருக்குப் போய் மண்டியிட்டுக் குனிந்தார். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. சீட்டைத் தள்ளும் கம்பியின் அடிப்பக்கத்தில் நான்கு விரல் தடம் கறுப்பாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. இழுவைக் கயிற்றில் கை வைக்கிற ஆட்களைத் தவிர வேறு யார் கையிலும் இருக்காத கிரீஸ். படம் எடுத்துக்கொண்டார். சுரண்டி ஒரு உறையில் போட்டுக்கொண்டார். "மெத்தைன்னு சொன்னீங்களே, அது எங்க?" என்று கேட்டார்.

ஒரு வாரம் கழித்து அப்பாவையும் மகளையும் யார்டுக்கு வரச் சொன்னார்கள். மெத்தையையும் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். அந்தத் தையல்காரர் அதைத் துணிப்பையில் வைத்து, பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். எடுத்து அதிகாரியிடம் கொடுத்தார். ஜன்னல் திரைத் துணியில் மிச்சம் பிடித்துத் தைத்த மெத்தை, நீலத்தில் வெள்ளைக் கோடு. அதன் ஓரத்தில் கட்டைவிரல் ஒருபக்கம், நான்கு விரல் மறுபக்கமாக அதே கறுப்புத் தடம்.

"இது பின் சீட்ல கெடந்ததா லிஸ்ட்ல இருக்கு" என்றார் அதிகாரி. "உங்க வீட்டம்மா இதை எப்ப வச்சுப்பாங்க?"

"ஓட்டும்போது மட்டும்தான் சார். நான் தைச்சது. நாலு விரக்கடை தடிப்பு. இது இல்லாம அவளுக்குக் கால் எட்டாது." மெத்தையின் ஓரத்தைத் தொட்டுக் காட்டினார். "இந்தக் கறை எப்படி வந்துச்சுன்னுதான் தெரியல. ரெண்டு தடவை துவைச்சேன், போகல."

"என் கை அது" என்றார் அத்தான். "முன் சீட்ல இருந்துச்சு. நான்தான் எடுத்துப் பின்னால போட்டேன். சீட்டையும் நான்தான் தள்ளினேன். எனக்கு உக்கார முடியல, அதுக்காகத் தள்ளிட்டேன். அன்னிக்கே சொல்லியிருக்கணும். தப்பு என்னோடதுதான்."

அந்தப் பெண் அழவில்லை. சந்தோஷப்படுவாள், அத்தானைக் கையெடுத்துக் கும்பிடுவாள் என்றெல்லாம் நான் முட்டாள்தனமாக நினைத்திருந்தேன். அவள் காரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா உக்காந்திருந்த மாதிரியே வச்சுக் காட்டுறீங்களா?" என்று கேட்டாள்.

அத்தான் அதிகாரியைப் பார்த்தார். அவர் தலையசைத்தார். அத்தான் கையைத் தன் சட்டையிலேயே துடைத்துக்கொண்டு குனிந்து, கம்பியைத் தூக்கிச் சீட்டை முன்னால் தள்ளினார். ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு சத்தம் வந்தது. பாதிக்கு மேல் போய் நிறுத்தி, தன் முட்டியை வைத்து அளந்து பார்த்து, இன்னும் ஒரு பல் தள்ளினார். மெத்தையை வாங்கி முதுகுப்பக்கம் நிறுத்தி வைத்தார். ஒரு சின்னப் பெண்மணி உட்காரும் அளவுக்குத்தான் அங்கே இடம் இருந்தது.

அவள் காரைச் சுற்றிக்கொண்டு போய் மறுபக்கக் கதவைத் திறந்து பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தாள். உட்கார்ந்து, காலியாக இருந்த அந்த இடத்துப் பக்கம் முகத்தைத் திருப்பினாள். அப்புறம்தான் அழுதாள். இருபத்தெட்டு நாள் அழுகை. முதலாளிகூடத் தன் அறை வாசலிலேயே நின்றுவிட்டார். நான் பார்க்க முடியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தையல்காரர் அந்தக் கதவுப் பக்கமாகப் போனார். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் காரின் கூரையில் வைத்தார், எடுத்தார். கடைசியில் குனிந்து உள்ளே பார்த்தார். என்னையோ அதிகாரியையோ கேட்கச் சொல்லவில்லை. அவரே கேட்டார்.

"காலைல சாப்டியாம்மா?"

அவள் இல்லை என்று தலையாட்டினாள்.